பயிற்சிக்கு ஒரு சாட்சி

சாட்சியக்காவுக்கு என்னை அடையாளம் தெரியாது. இத்தனைக்கும் ஏழு வருடப் பழக்கம். வாரத்தில் இரண்டு நாளாவது ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். என் தோள் அளவும் இடுப்பளவும் அவர் நோட்டில் இருக்கின்றன. ஆனால் கடையில் வாங்கிய புதுத்துணி ஒன்றைப் போட்டுக்கொண்டு நான் தெருவில் எதிரே வந்தால், யாரோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார். அவர் தைத்ததைப் போட்டிருந்தால் மட்டும் தெருமுனையிலிருந்தே குரல் வரும்: "என்னம்மா, தோள்பட்டை இறங்கித் தொங்குது, கொண்டா பிடிச்சுத் தரேன்."

முதல் வருடம் எனக்கு இது பெரிய கோபமாக இருந்தது. "அக்கா, கழுத்துக்கு மேல மூஞ்சின்னு ஒண்ணு இருக்கு, எப்பவாவது நிமிர்ந்து பாருங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

"மூஞ்சியில என்னம்மா இருக்கு. ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. எல்லாருக்கும் அதேதான்" என்பார். நான் சிரிப்பேன். அப்படிச் சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு மாடியறையில். நீள மேஜை ஒன்று, ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், மின்விசிறி சுற்றினால் பறக்கும் காகிதங்கள். அவற்றின் மேல் வைக்கக் கல் பொறுக்கி வந்ததும் நான்தான். நாங்கள் வக்கீலம்மா என்று சொல்லும் பெண்மணி இருபத்தைந்து வருடம் கோர்ட்டில் நின்று கால் தேய்ந்தபின் தொடங்கிய இடம் இது. சிறையில் இருப்பவர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரே வரிதான்: நான் செய்யவில்லை. நிஜமாகவே செய்யாதவர் யார், செய்துவிட்டு எழுதுகிறவர் யார் என்று பழைய வழக்குக் கட்டுகளைப் புரட்டியும், சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப்போய்ப் பேசியும் பார்ப்பது தன்னார்வ மாணவர்களின் வேலை. பாதிப் பேர் சட்டம் படிக்கிறவர்கள், மீதிப் பேர் வேறு ஏதேதோ படிக்கிறவர்கள். எட்டு வாரம் பயிற்சி முடிக்காமல் ஒரு கட்டையும் அவர்கள் தொட முடியாது. தொட்டால் நான் கத்துவேன்.

கடிதங்களைப் பிரித்து எண் போட்டுத் தட்டில் வைப்பது என் பொறுப்பு. மூன்று மரத்தட்டுகள். 'பார்க்க வேண்டியவை', 'பார்த்துக்கொண்டிருப்பவை', 'முடிந்தவை'. எழுத்து என்னுடையது. மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ஃபைலக்கா. நல்ல வேளை, அதைவிட மோசமாக ஒன்றும் வைக்கவில்லை.

பயிற்சியில் மூன்றாவது வாரம் சாட்சியிடம் பேசிப் பழக வேண்டும். முதல் வருடம் வக்கீலம்மா நாடகக் குழு ஒன்றிலிருந்து ஆள் வரவழைத்தார். வந்தவர் முதல் கேள்விக்கே தேம்பி அழுதார், இரண்டாம் கேள்விக்கு மயங்கி விழுந்தார். "நிஜ சாட்சி இப்படியெல்லாம் செய்யமாட்டாங்கம்மா. சாதாரணமா ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டு வா" என்றார் வக்கீலம்மா. எங்கள் கட்டடத்தின் கீழே அப்போதுதான் ஒரு தையல்கடை வந்திருந்தது. போய்க் கேட்டேன்.

"சாட்சி சொல்லணுமா? அது எனக்குப் பழக்கம்தான்" என்றார் அந்தத் தையல்காரர்.

ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு அழைத்து வந்தேன். ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கக் கற்றுத்தரும் இடத்தில் வேலை பார்க்கும் எனக்கு, "என்னக்கா பழக்கம்?" என்ற ஒரு கேள்வி அன்றைக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடமும் தோன்றவில்லை.

வக்கீலம்மா அவருக்கு ஒரு பக்கக் கதை எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடையில் கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். சிவப்புத் தொப்பி. எதிர்க்கடையில் நின்ற பெண் பார்க்கிறாள். மூன்று வாரம் கழித்துப் போலீஸ் சிலரை வரிசையாக நிறுத்த, அவள் ஒருவனைக் காட்டுகிறாள். அவ்வளவுதான். அக்கா அதை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். கழுத்தில் அளவு நாடாவோடு மாடியேறி வருவார், நாற்காலியில் அமர்வார், கேட்டதற்குப் பதில் சொல்வார், இறங்கிப் போய்க் காலர் வெட்டுவார். சாட்சியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

வக்கீலம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. நோட்டில் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில், இரண்டும் சொன்ன வார்த்தை மாறாமல். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் பதில் மட்டும்தான் இருக்கும், கேள்வி இருக்காது. 'நீலச்சட்டை போட்டிருந்தார்' என்று காகிதத்தில் இருந்தால், அதைச் சாட்சி தானாகச் சொன்னாரா, "நீலச்சட்டைதானே?" என்று கேட்டதற்குத் தலையாட்டினாரா என்பது யாருக்குத் தெரியும்? இதைப் புரியவைக்க அவர் ஒவ்வொரு குழுவோடும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவார். பிறகு அக்காவை முன்னால் உட்காரவைத்து மாணவர்களை அவிழ்த்துவிடுவார்.

இந்த வருடக் குழுவில் தும்மல் என்று ஒரு பையன். கட்டுத் தூசி பட்டால் வரிசையாக ஏழெட்டுத் தும்மல் போடுவான், அதனால் அந்தப் பெயர். அவன்தான் முதலில் கேட்டான்.

"சிவப்புத் தொப்பிதானே போட்டிருந்தான்?"

"ஆமா தம்பி."

"நல்ல உயரமா?"

"ஆமா."

"என்னைவிட உயரமா?"

"உங்களைவிடன்னே வச்சுக்கோங்க."

"மூஞ்சியை வச்சுத்தானே அடையாளம் காட்டினீங்க?"

"ஆமா. மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கு."

வக்கீலம்மா அவன் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார். "இப்போ சொல்லு. இதுல சாட்சி யாரு, நீயா அவங்களா?" தும்மல் பதிலுக்குத் தும்மினான். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் இந்தச் சிரிப்பு இதே இடத்தில் வரும். நான் கூடவே சிரித்துக்கொண்டு கட்டுகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து கண்ணாடி. மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடியை ஒரு விரலால் தள்ளிக்கொண்டே பேசும் பெண். கணக்குப் படிக்கிறாள், சட்டம் தெரியாது. அவள் உடனே கேட்கவில்லை. கேள்வியை முதலில் இடப்பக்கத்தில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். பொறுமை போய் நான் இருமக்கூடச் செய்தேன்.

"வரிசையில அத்தனை பேர் நின்னாங்க. அந்த ஒருத்தர்கிட்ட உங்க கண்ணு ஏன் நின்னுச்சு? அதைச் சொல்லுங்கக்கா."

இந்தக் கேள்வியை ஏழு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் "மூஞ்சியை வச்சுத்தானே" என்று பதிலைக் கையில் கொடுத்தே கேட்டார்கள். கண்ணாடி கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தாள். அக்கா மேஜைவிரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"பாக்கெட்டு" என்றார்.

"சொல்லுங்க."

"பாக்கெட் மூலையில முக்கோணத் தையல். அதுக்குள்ள இன்னொரு சின்ன முக்கோணம். அது நான் போடுறது. வேற யாரும் அப்படிப் போடமாட்டாங்க. அதைப் பார்த்ததும், இந்த ஆளை எனக்குத் தெரியுமேன்னு..."

நிறுத்திவிட்டார். கண்ணாடி வலப்பக்கத்தில் அதை அப்படியே எழுதினாள். கதையில் முக்கோணமும் கிடையாது, பாக்கெட்டும் கிடையாது. வகுப்பு முடிந்ததும் தும்மல் வந்து, "செம ட்விஸ்ட் மேடம்" என்று வக்கீலம்மாவைப் பாராட்டினான். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கதையை நீ மாத்தினியா?"

"நீங்க மாத்திட்டீங்கன்னு நெனச்சேன் மேடம்."

இருவரும் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. அளவு நாடா மட்டும் அதன் மேல் கிடந்தது. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று நான் கேலி செய்யும் நாடா. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

அக்கா மிஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே துணி எதுவும் இல்லை.

"நான் ஏம்மா அப்படிச் சொன்னேன்?" என்றார் என்னைப் பார்க்காமல்.

"என்னைக் கேட்டா? நீங்கதானே சொன்னீங்க."

"அது அந்தக் கல்லாப்பெட்டிக் கதை இல்லம்மா. அது நெசமா நடந்தது."

அன்றைக்கு அவர் சொன்னதை நான் கோவையாகச் சொல்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. முன்னுக்குப் பின் சொன்னார், நடுவில் நிறுத்தினார், இரண்டு முறை அழுதார்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் கடை வேறொரு கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மாடியில் ஒருவர் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் மேலே ஏதோ விழுந்த சத்தம். பிறகு யாரோ தடதடவென்று இறங்கி ஓடினார்கள். அக்கா குனிந்து கைமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்வதற்குள் ஆள் வாசலைத் தாண்டிவிட்டார். நீலமாக ஏதோ கண்ணில் பட்டது. கடிகாரக்காரர் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். போலீஸ் வந்து நிறையக் கேட்டது. நீலச்சட்டையா என்று கேட்டார்களா, நீலச்சட்டை என்று இவர் சொன்னாரா, அது இப்போது அவருக்கு ஞாபகமில்லை. அந்த வாரம் கட்டடத்தில் வயரிங் வேலை பார்த்த வயர்மேனைப் பிடித்தார்கள். மூன்று வாரம் கழித்து எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி அக்காவைக் கூப்பிட்டார்கள். ஏழு பேரைத் தாண்டிப் போன கண் ஒருவரிடம் நின்றது. தெரிந்த ஆள் என்று மனசு சொன்னது. இவர்தான் என்று கையைக் காட்டினார்.

"கோர்ட்டுலயும் கேட்டாங்க, உறுதியான்னு. உறுதின்னேன். மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச ஆளுதானேம்மா அது. தெரிஞ்ச ஆளுன்னு மனசு அடிச்சுச் சொல்லுச்சு. ஆனா எங்கேருந்து தெரியும்னு இன்னைக்குத்தான் அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

வயர்மேன் அந்த விபரீதம் நடப்பதற்குப் பத்து நாள் முன்பு அவரிடம் ஒரு சட்டையைக் கொடுத்துப் பாக்கெட் தைத்து வாங்கியிருக்கிறார். டெஸ்டரும் திருப்புளியும் செருகிச் செருகி மூலை கிழிந்துபோயிருந்தது. இனிமேல் கிழியக்கூடாது என்று அக்கா உள்ளே இன்னொரு முக்கோணம் போட்டுக் கொடுத்தார். அடையாளம் காட்ட வரிசையில் நின்றபோது வயர்மேன் போட்டிருந்தது அந்தச் சட்டை.

"அப்போ படியில இறங்கி ஓடினது யாரும்மா?"

எனக்குத் தெரியவில்லை. வயர்மேனேதான் இறங்கி ஓடினாரோ என்னவோ, அதுவும் தெரியவில்லை. அவர் கொலைகாரராகவே இருந்தாலும் பாக்கெட் கிழியத்தானே செய்யும். அக்காவின் கழுத்தில் நாடாவைப் போட்டுவிட்டு மாடிக்கு வந்தேன். பாதிப் படியில் கடிகாரம் என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது.

தட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. 'முடிந்தவை'யில் இருந்தது. மூன்று குழுக்களுக்கு முன், அந்த வயர்மேன் சிறையிலிருந்து எழுதிய கடிதம். மேலே என் கையெழுத்தில்: "நேரில் பார்த்த சாட்சி மிகவும் உறுதி. மேற்கொண்டு பார்க்க வேண்டாம்." அந்தக் குழுவின் மாணவர்கள் சாட்சியைத் தேடிப் பழைய கடைக்குப் போயிருக்கிறார்கள். காலி செய்துவிட்டார் என்று பக்கத்தில் சொன்னார்களாம். 'முகவரியில் இல்லை' என்று எழுதி என்னிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைக் கொடுக்க வந்த நாளில், அதே அறையில், சாட்சியக்கா அடுத்த குழுவுக்குக் கல்லாப்பெட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வழக்குக் கட்டில் அவர் பெயர் தெளிவாக இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது யார் பெயர் என்று தெரியாது.

கடிதத்தின் கடைசி வரிகளை அப்போதே நான் படித்திருக்கிறேன். பரிதாபத்துக்கு எழுதியது என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன். இப்போது உட்கார்ந்து படித்தேன்:

'அந்தத் தையல்கார அக்கா நல்லவங்க. என் சட்டைப் பாக்கெட்டைக் காசு கூடக் கேக்காம ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்தவங்க. அவங்களுக்கு என்மேல என்ன கோபம்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். ஒண்ணும் புரியல. தெரிஞ்சா சொல்லுங்க.'

என்மீதே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. நான் அழுததை வக்கீலம்மா பார்த்தார். கடிதத்தை வாங்கி மூன்று முறை படித்தார்.

"இது நல்லதா கெட்டதா மேடம்?"

"தெரியல." இருபத்தைந்து வருடம் கோர்ட்டில் வாதாடியவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. "ஏழு வருஷமா அவங்களுக்குச் சாட்சி சொல்ல நாமதான் பழக்கிவிட்டிருக்கோம். நம்ம நாற்காலியில உட்கார வச்சு, நம்ம கதையைச் சொல்ல வச்சு. இப்போ அவங்க மாத்திச் சொன்னா, எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேப்பார்? சொல்லிக்குடுத்தது யாருன்னு கேப்பார். நான் அந்த இடத்துல இருந்தா நானும் அதைத்தான் கேப்பேன்."

பிறகு கண்ணாடியின் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். இடப்பக்கத்தில் எழுதி அடித்த கேள்வி, அதன் கீழே திருத்தி எழுதிக் கேட்டது. அதில் சட்டை என்ற சொல் இல்லை, தையல் என்ற சொல் இல்லை. வலப்பக்கத்தில் பதில். தேதி. வக்கீலம்மா அந்தப் பக்கத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்றார். முதலில் அவர் தன் வாயால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதுவும் நிஜ சாட்சியாக.

என் வாய்க்கு அது பெரிய தண்டனை. இரண்டு வாரம் அக்காவோடு டீ குடிக்கவே போகாமல் ஒளிந்து நடந்தேன். ஒரு நாள் எதிர்ப்பட்டேன், நல்ல வேளையாகக் கடையில் வாங்கிய துணி போட்டிருந்தேன். ஒதுங்கி வழிவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒரு மத்தியானம் காக்கிச் சட்டையோடு நேராக மாடியேறி வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"உங்க பயிற்சிக்கு என் வீட்டுக்காரிதான் கெடைச்சாளா?"

"உட்காருங்கண்ணே."

"உட்கார நேரமில்லம்மா, வண்டி நிக்குது. அன்னைக்கு உறுதின்னு சொன்னா. இன்னைக்கு இல்லன்னா, பொய்ச் சாட்சின்னு அவளைத் தூக்கி உள்ள வைக்கமாட்டாங்களா? வைக்கமாட்டாங்கன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

வக்கீலம்மா உள்ளேயிருந்து வந்தார். "எழுதித் தரமுடியாதுங்க. வழக்குப் போடலாம், போடாமலும் இருக்கலாம். அவங்களுக்குத் தனியா ஒரு வக்கீல் வச்சுக்கணும், அது நானா இருக்கக்கூடாது. நல்ல ஆளா நான் சொல்றேன்." ஆறுதலாக ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது. டிரைவர் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ தூங்குறதில்லம்மா" என்றார். "பழைய துணியெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு பாக்கெட்டைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறா." இறங்கிப் போய்விட்டார்.

டிரைவராவது பரவாயில்லை. கடிகாரக்காரரின் மனைவிக்கு என்ன பதில் சொல்வது? தீர்ப்பு வந்த நாளில் அந்த அம்மா கோர்ட் வாசலில் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாராம். கடை மாறிய பிறகும் தேடி வந்து, இரண்டு பஸ் மாறி வந்து, அக்காவிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறார். "நீ இல்லன்னா அவன் தப்பிச்சிருப்பான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாராம். "அவங்க வந்தா நான் என்னம்மா சொல்லுவேன்" என்று, அந்த இரண்டு வாரம் கழித்து டீ பெஞ்சில் அக்கா கேட்டபோது நான் டீ டம்ளரைக் கழுவப் போவதுபோல் எழுந்து போனேன்.

நிஜ வாக்குமூலம் ஒரு காலைப்பொழுதில் எடுக்கப்பட்டது. அதே அறை, அதே நாற்காலி. அக்காவுக்காக வந்த புது வக்கீல் ஒரு ஓரத்தில், தும்மல் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு இன்னொரு ஓரத்தில். அன்று அவன் தும்மவே இல்லை. கேள்வி கேட்டது கண்ணாடி.

"அன்னைக்கு மத்தியானம் நடந்ததைச் சொல்லுங்கக்கா."

அக்கா வழக்கம்போல் உட்கார்ந்து, "எதிர்க்கடையில நான் நின்னுக்கிட்டிருந்தேன், சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தன்" என்று தொடங்கிவிட்டார். ஏழு வருடப் பழக்கம் அது. அவரே தலையை உதறிக்கொண்டார். கண்ணாடி அந்தத் தப்பான தொடக்கத்தையும் வலப்பக்கத்தில் எழுதினாள், ஒரு எழுத்து விடாமல். அப்புறம் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டாள்.

ஒன்றரை மணி நேரம் பேசினார். பெரும்பாலும் தெரியாது என்றார். ஓடியவர் உயரமா? தெரியாது. கையில் ஏதாவது இருந்ததா? தெரியாது. முகம்? "நான் பாக்கல. சத்தியமா பாக்கல. பார்த்தேன்னு அன்னைக்கு நானே நெனச்சேன்." பாக்கெட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் தடங்கலே இல்லை. எந்த நூல், எத்தனை வரி, எங்கே முடிச்சு என்று சொன்னார்.

அதன் பிறகுதான் வக்கீலம்மா கடிதத்தை எடுத்தார். அக்கா படிக்கச் சொன்னார், நான் மேலே இருந்த தேதியிலிருந்து படித்தேன். கடைசி வரிகளைக் கண்ணாடி வாங்கிப் படித்து முடித்தாள். அக்கா நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கோபமான்னு கேட்டிருக்காரே" என்றார். "மூணு வருஷமாவா இது இங்கேயே இருந்துச்சு?"

"ஆமாக்கா. நான்தான் முடிஞ்சதுன்னு எழுதி வச்சேன்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். "சரி" என்றார். "கேட்டவருக்குப் பதில் சொல்லணும்ல. கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க."

வயர்மேனுக்காக வக்கீலம்மா போட்ட மனு எடுத்துக்கொள்ளப்படும் நாளில் அக்காவை நான்தான் கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். வழக்கைத் திரும்ப விசாரிப்பார்களா, இல்லை மனுவையே தள்ளிவிடுவார்களா என்று அன்று தெரியும். வக்கீலம்மா காலையிலேயே போய்விட்டார். டிரைவர் லீவு போட்டு வந்திருந்தார், எங்களுக்கு நாலடி பின்னால் நடந்து வந்தார். அக்கா வெளிறிப் போயிருந்தார். படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அன்று அவர் தைத்ததைத்தான் போட்டிருந்தேன், இல்லாவிட்டால் கூட்டத்தில் என்னைத் தொலைத்துவிடுவார் என்ற பயம்.

மேல்மாடி நடையில் ஒரு நீள பெஞ்ச். சிறையிலிருந்து வெவ்வேறு வழக்குகளுக்காகக் கொண்டுவந்த நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு முனையிலும் காவலர்கள். நான்கு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, மொத்தமாகத் தைத்து அடுக்கியது. வயர்மேனும் இங்கேதான் இருப்பார் என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். அக்கா நின்றார். ஒரு முனையிலிருந்து தொடங்கினார். அவர் கண் போன உயரம் எனக்குத் தெரியும், நெஞ்சு உயரம். முதல் சட்டை, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. மறுபடி திரும்பி வந்தது.

கைதிச் சட்டைக்குப் பாக்கெட் கிடையாது.

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இதுல யாரு அவரு?"

பெஞ்சில் இரண்டாவதாக இருந்தவர், நாங்கள் படியேறி வந்ததிலிருந்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.